நீலக் கதவுக்குக் கொடுத்த புத்தகம்

புளியங்குளம் சந்தியில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் ஆறாம் மைல்கட்டையில் பாலையடிக் குடியிருப்பு. பஸ்காரர் அங்கே மனமில்லாமல்தான் நிறுத்துவார். ஒரு கிழட்டுப் பாலை மரம், ஒரு சைக்கிள் கடை, வீதியோரத்தில் ஒரு பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். கட்டடத்தின் நெற்றியில் 'உப நூலகம்' என்று எழுதியிருக்கும்.

அதற்குள் பதினொரு வருஷமாக இருக்கிறவள் பிரேமிளா. வயது முப்பது. பிரதேச சபையின் கடதாசிகளில் அவள் 'தற்காலிக நூலக உதவியாளர்'. பதினொரு வருஷம் நீடிக்கிற தற்காலிகம் என்ன வகைத் தற்காலிகம் என்று கேட்டால் சபை கூரையைப் பார்க்கும். உதவியாளர் என்றால் யாருக்கு உதவி என்பதும் தெரியாது, ஏனென்றால் அங்கே வேறு ஆளே இல்லை. திறப்பது, கூட்டுவது, கிழிந்ததை ஒட்டுவது, கறையானோடு மல்லுக்கட்டுவது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பூட்டுவது எல்லாம் அவள்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவையாவது இருந்து பார்க்க வேண்டும். தகரம் வெயிலில் மெல்ல மெல்ல முனகும். ஆணி போன ஓட்டைகளால் வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்து நிலத்தில் கிடக்கும். நேரம் போகப் போக அது மேசைக் காலில் ஏறி, அலுமாரியில் ஏறி, புத்தகங்களின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். வெளியே பாலையில் ஒரு செண்பகப் பறவை ஆழத்திலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிடும். அந்த நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். பிரேமிளா பதிவேட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில்தான் அவளுடைய வாசகர்கள் வருவார்கள்.

முதலில் நீலக் கதவு வரும். பிணைச்சலில் இருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு, கீழ் விளிம்பு மண்ணில் அரைபட, வீதியைக் கடந்து மெதுவாக வரும். அதற்குப் பின்னால் ஒற்றைப் பனை, வாசலில் தலை இடிக்கும் என்று குனிந்தபடி வரும். இரட்டைக் கிணறு தளும்பாமல் வரும். ஆட்டுப்பட்டி தன் நாற்றத்தோடு வரும். அதைப் பிரேமிளா கனவிலும் வாசலுக்குப் பக்கத்திலேயே இருத்திவைப்பாள். எல்லாம் வரிசையில் நின்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போகும்.

கனவுதானே என்று சிரித்துவிட வேண்டாம். கன்னத்துக்குக் கீழே கிடக்கிற பதிவேட்டைத் திறந்தாலும் அதுதான் எழுதியிருக்கும். நீலக் கதவு எடுத்தது, பேய்க்கதைப் புத்தகம் ஒன்று. ஒற்றைப் பனை எடுத்தது, கிணறு வெட்டும் முறைகள். ஆட்டுப்பட்டி திருப்பித் தந்தது, நான்கு நாள் பிந்தி. இப்படிப் பதினொரு வருஷம், ஏழு பதிவேடு.

பாலையடியில் இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழிலோ எண்பத்துமூன்றிலோ கலவரத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர்களுடைய வாழ்க்கையில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஒருவர் கொப்பியும் பேனாவுமாக வருவார். பெயரை எழுதுவார். பிறகு ஒரு லொறி வரும். இந்தியாவுக்கு அனுப்புகிறோம் என்று பெயர் எழுதினார்கள். லொறி வந்து ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனது, பாதிச் சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அகதி என்று பெயர் எழுதினார்கள், லொறி வந்தது. கடைசிச் சண்டை முடிந்து முகாமில் பெயர் எழுதினார்கள். அங்கேயும் லொறி வந்தது, ஏறியவர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. பெயர் எழுதுவது அந்த ஊரில் லேசான காரியம் இல்லை.

பிரேமிளாவும் அந்த ஊர்ப் பிள்ளைதான். ஆனாலும் பத்தொன்பது வயதில், உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, சபை தந்த புதுப் பதிவேட்டை மேசையில் விரித்துவைத்தபோது அவளுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பதிவேட்டில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, குறிப்பு என்று கட்டங்கள். முதல் நாள் ஊரே வந்தது. அலுமாரியைத் தடவிப் பார்த்தது. புத்தகத்தை மணந்து பார்த்தது. பதிவேட்டைக் கண்டதும் ஒவ்வொருவராகப் புத்தகத்தை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு நழுவியது.

கடைசியாக நின்றவர் சங்கிலி. மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் லொறியில் வந்தவர். கையில் ஒரு பேய்க்கதைப் புத்தகம். வீட்டில் கால் ஏலாமல் இருக்கிற மனைவி தங்கம்மாவுக்கு வாசிப்பென்றால் உயிர். அவருக்குத்தான் எடுக்க வந்திருந்தார்.

"பேரு எழுதணுமா புள்ள?"

"ஆமா மாமா. சும்மா ஒரு பதிவுக்குத்தான்."

"எல்லாரும் சும்மா பதிவுக்குத்தான்னு சொன்னாங்க," என்றார் சங்கிலி. புத்தகத்தை மேசையில் வைத்தார். வைத்தாரே தவிர விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.

அந்த விரலைப் பார்த்ததும் பிரேமிளாவுக்கு முகாம் ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தறப்பாள் கூடாரங்களின் கடலுக்கு நடுவில், மஞ்சள் தறப்பாளுக்குக் கீழே ஒரு அக்கா இருந்தா. அவாவிடம் ஒரு அரிசிச் சாக்கு, அதற்குள் ஏழு புத்தகம். சண்டைக்குள்ளால் எப்படிக் கொண்டுவந்தா என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் அரிசியையும் பிள்ளையையும் தூக்கவே வழியில்லாத இடத்தில் அவா புத்தகத்தைத் தூக்கியிருக்கிறா. பிரேமிளா போய் நின்றதும் பயத்தில் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த அக்கா கையை உயர்த்தித் தடுத்தா. "பேர் வேண்டாமம்மா. உங்கட கூடாரத்துக்குப் பக்கத்தில என்ன இருக்கு?"

"ஒரு பட்ட மரம்."

"சரி. பட்ட மரத்துக்கு ஒரு புத்தகம்."

அந்தப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் முப்பத்திரண்டு பக்கமும் இல்லை. 'என்று சொல்லிவிட்டு அவள் ஆற்றைக் கடந்தாள்' என்றுதான் அது தொடங்கியது. அவள் யார், என்ன சொன்னாள், எதற்காகக் கடந்தாள் என்று பிரேமிளாவுக்கு இன்றைக்கும் தெரியாது. தறப்பாளின் நீல வெளிச்சத்தில் படுத்துக்கிடந்து அந்தத் தொடக்கத்தைத் தானே நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு வரிசையும் தண்ணீர் வரிசையும் இல்லாத ஒரே இடம் அந்த ஆற்றங்கரை. அவள் அந்த முகாமிலிருந்து மனுஷியாக வெளியே வந்தது அதனால்தான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சங்கிலியின் விரலைப் பார்த்தபடி பிரேமிளா கேட்டாள்: "மாமா, உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?"

"நீலம். எதுக்கு?"

"பேரு வேணாம். இனிமே இங்க ஒருத்தர்கிட்டயும் பேரு கேக்கமாட்டேன்." அவள் பெயர்க் கட்டத்தில் 'நீலக் கதவு' என்று எழுதினாள். சங்கிலி அதை எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வர நேரம் எடுத்தது, வந்த பிறகு போகவும் நேரம் எடுத்தது.

அடுத்த கிழமைக்குள் ஊரில் இருந்த கதவு, கிணறு, மரம், மாட்டுக்கொட்டில் எல்லாம் வாசகராகிவிட்டன. வெளியாட்கள் மட்டும், பள்ளிக்கூட அதிபரும் சில ஆசிரியர்களும், தாங்களாகவே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சபைக்கு மாதாமாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற தொகை போனால் போதும். பதிவேட்டை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பிரேமிளாவும் தன் கெட்டித்தனத்தில் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தாள்.

ஊர் வாசித்தது. சும்மா இல்லை, விழுந்து விழுந்து வாசித்தது. ஒற்றைப் பனை கிணற்றுப் புத்தகத்தைப் பார்த்து மூன்றாம் இடத்தில் தோண்டித் தண்ணீர் கண்டது. இரட்டைக் கிணறு இரட்டைப் பிள்ளை பெற்று, பெயர் தேடிப் புத்தகம் கேட்டு வந்தது. பாலைப்பழ காலத்தில் திரும்பி வருகிற புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் பழப்பால் ஒட்டியிருக்கும். பிரேமிளா ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தெடுப்பாள், திட்டிக்கொண்டேதான் பிரிப்பாள். தங்கம்மா பேய்க்கதை முழுவதையும் முடித்துவிட்டு, இதில் வருகிற பேயெல்லாம் தோட்டத்துக் கங்காணியை விட நல்லதுகளாக இருக்கிறதே என்று சொல்லியனுப்பினார்.

இந்த வருஷம் ஆனி மாதம், பாலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருக்கிற நேரம், சபையிலிருந்து நிரஞ்சன் வந்தார். நூலகங்களுக்குப் பொறுப்பாகப் புதிதாக வந்த உத்தியோகத்தர். கெட்ட மனுஷன் இல்லை, இதை முதலே சொல்லிவைப்பது நல்லது. மோட்டார் சைக்கிளை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு, நாலு பழம் பொறுக்கித் தின்று, ஒட்டின உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பதிவேட்டைக் கேட்டார்.

முதல் பக்கத்தில் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினார்.

"மிஸ், நீலக் கதவு எண்டால் என்ன?"

"அது ஒரு வாசகர், சேர்."

"ஒற்றைப் பனை?"

"அதுவும் வாசகர்தான்."

நிரஞ்சன் பேனையை மேசையில் வைத்தார். "மிஸ், பனை மரத்துக்குப் புத்தகம் குடுத்ததெண்டு நான் மேல எழுதேலாது. ஏன் பேர் எழுதேல்லை?"

"கேக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன், சேர்."

அவர் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் உள்ள வாசகர் அறுபது பேராவது இல்லாத உப நூலகங்களை மூடி, புத்தகங்களைப் பிரதான நூலகத்தோடு சேர்க்கச் சொல்லிச் சபை தீர்மானம் எடுத்துவிட்டது. பாலையடியில் அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். அடுத்த கிழமை புதன் காலை புத்தகம் ஏற்ற வருவார்கள்.

"என்னத்தில வருவினம்?" என்று பிரேமிளா கேட்டாள்.

"லொறியிலதான்."

அவள் வாசலுக்கு வெளியே, வீதியைப் பார்த்தாள். நிரஞ்சன் அதைத் தன் பாட்டில் விளங்கிக்கொண்டு ஆறுதல் சொன்னார். "உங்களை விடமாட்டினம், மிஸ். சபையில வீடுகளுக்குச் சோலைவரி அறவிடுற பகுதியில ஒரு இடம் இருக்கு. நிரந்தர நியமனத்துக்கு உங்கட பேரைத்தான் எழுதியிருக்கு."

அவர் போன பிறகும் அந்த வசனம் போகவில்லை. அவளுடைய பெயரையும் எழுதியாகிவிட்டது. லொறியும் வருகிறது. பிரேமிளாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

வீட்டில் ஜனகன் சந்தோஷத்தை மறைக்கவில்லை. அவளுடைய கணவன், சந்தியில் அரிசி ஆலையில் வேலை. உமி ஒட்டின தலையைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டே கேட்டான். "பதினொரு வருஷம் இதுக்குத்தானே காத்திருந்தனீர்? பிறகேன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறீர்?"

"நான் இந்த நூலகத்தில நிரந்தரமாகத்தான் காத்திருந்தனான்."

"கதவும் பனையும் உமக்குப் பென்சன் தருமே?"

"தராது."

"அப்ப ஊராக்களிட்டப் போய்ப் பேரைக் கேளும். அறுபது பேர்தானே."

அதுதான் முடியாத காரியம். கேட்கமாட்டேன் என்று சொன்ன வாயால் கேட்பதா? கேட்டால், பதினொரு வருஷம் பதுங்கியிருந்து கடைசியில் கொப்பியும் பேனாவுமாக வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கேட்காவிட்டால் நூலகம் இல்லை. ஜனகனுக்கு அதை விளங்கப்படுத்தப் பார்த்தாள். அவன் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பிறகு, "எனக்கு விளங்கேல்லை. ஆனா நீர் நித்திரை கொள்ளமாட்டீர் எண்டு விளங்குது," என்றான். நல்லவன்தான், பாவம்.

அடுத்த நாட்களில் மத்தியானக் கனவு மாறிப்போனது. கதவும் பனையும் கிணறும் வழக்கம்போல வந்து நின்றன. ஆனால் அலுமாரிகள் வெறுமை. அவள் ஒவ்வொன்றிடமும் கையை விரித்துக் காட்டினாள். அவை கோபிக்கவில்லை. வந்த வழியே திரும்பி, ஒரு ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீரைப் பார்த்தபடி நின்றன. கண் விழித்தபோது பதிவேட்டின் பக்கம் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பெயர் கேட்கப் போகவில்லை. செவ்வாய்க்கு முன்னம் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, டவுனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். ஒருவரும் மேலே கேட்கவில்லை. கொண்டுபோவது அவர்கள் அறியாத விஷயமா என்ன.

நீலக் கதவு வீட்டில்தான் அவள் அகப்பட்டுக்கொண்டாள். தங்கம்மா கட்டிலில் காலை நீட்டியபடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். சங்கிலி கதிரையை இழுத்துப் போட்டார்.

"எதுக்குக் கொண்டுபோறாங்க?" என்று கேட்டார் தங்கம்மா.

"வாசிக்க ஆளில்லைன்னு, அத்தை."

"ஆளில்லையா? அப்ப நான் யாரு?"

சங்கிலிதான் மெதுவாகச் சொன்னார். "கொப்பியில நம்ம யாருமே இல்ல. கதவுதான் இருக்கு."

குசினியில் உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. "இத நீ யாருகிட்டக் கத்துக்கிட்ட, பேரு கேக்காம குடுக்கிறத?" என்றார் தங்கம்மா.

பிரேமிளா முகாமைச் சொன்னாள். அரிசிச் சாக்கை, ஏழு புத்தகத்தை, பட்ட மரத்தை, முப்பத்திரண்டு பக்கம் இல்லாத கதையைச் சொன்னாள். இதுவரை ஜனகனுக்குக்கூட இவ்வளவு சொன்னதில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

"தெரியாது அத்தை. ஒரு நாள் போனேன், மஞ்சத் தறப்பாளும் இல்ல, அவங்களும் இல்ல. வேற முகாமுக்கு மாத்தினாங்கன்னு சிலர் சொன்னாங்க. பதினாறு வருஷமாத் தேடுறேன். என்னான்னு சொல்லித் தேடுறது? மஞ்சத் தறப்பாள்னா? அவங்களும் எங்க பேரு கேக்கல. நானும் அவங்க பேரக் கேக்கல. உயிரோட இருக்காங்களான்னுகூட எங்கயும் போய் விசாரிக்க முடியல."

தங்கம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கதவைப் பார்த்தார். நீலப் பெயின்ற் பல இடங்களில் உரிந்து, கீழே பழைய பச்சை தெரிந்தது. பிரேமிளா எழுந்து சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். அவள் பெயர் கேட்கவும் இல்லை, அவர்கள் தருவதாகச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை காலை, அலுமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். வீதியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. வயலுக்குப் போகிறது என்று நினைத்தாள். அது பிள்ளையாரடியில் திரும்பி நூலக வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் சங்கிலி. பின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் பாயைப் போட்டு, தங்கம்மா. கால் ஏலாமல் போனதிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர வேலிப் படலை தாண்டாத தங்கம்மா. வெள்ளிக்கிழமைக் கோயில் சேலை உடுத்தியிருந்தார்.

சங்கிலியும் பிரேமிளாவும் தாங்கிக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்கள். தங்கம்மா முதலில் அலுமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். தான் வாசித்த புத்தகங்கள் இருந்த வீட்டை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார்.

"கொப்பியக் கொண்டா," என்றார்.

"அத்தை, நான் கேக்கல."

"நீ கேக்கல. அதனாலதான் வந்தோம். நாளைக்கு யாராச்சும் எங்களத் தேடினா, நீலக் கதவுன்னா கேட்டுத் தேடுவாங்க?"

பேனையைப் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இரண்டு அடையாள அட்டைகளையும் சங்கிலி எடுத்து வைத்தார். அடுத்த வரியில் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். "குறிப்புன்னு போட்டிருக்கே, அதுல என்னா எழுதணும்?"

"ஏதாவது சொல்றதா இருந்தா எழுதலாம் மாமா."

சங்கிலி யோசித்தார். பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதினார்: 'இந்தப் பிள்ளையை இந்த நூலகத்திலேயே நிரந்தரம் ஆக்க வேண்டும்.'

வாசலில் ஒற்றைப் பனை நின்றார். உண்மையில் குனிந்துதான் வந்தார், நெடிய மனுஷன், பெயர் ஏரம்பு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான், ஆனாலும் அவர் அதை எழுதியபோது புதிதாக ஒருவர் ஊருக்கு வந்தது போல இருந்தது. குறிப்புக் கட்டத்தில் சங்கிலி எழுதியதைப் பார்த்தார். இதை எல்லாம் மறுபடி எழுதக் கை வலிக்கும் என்று, அதற்குக் கீழே 'மேற்படி' என்று போட்டார். அவருக்குப் பின்னால் இரட்டைக் கிணறு ரஜிதா, ஆட்டுப்பட்டி பேச்சியம்மா. தங்கம்மாவின் சேதி கேட்டுத் திங்கள் முழுக்க வந்தார்கள், செவ்வாயும் வந்தார்கள். சிலர் எழுத முன்னம் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களைப் பிழை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது.

செவ்வாய் பின்னேரம் பிரேமிளா எண்ணிப் பார்த்தாள். நூற்று நாற்பத்துமூன்று. தங்கம்மா சொல்லியனுப்பிய ஒரு கேள்வியை ரஜிதா கொண்டுவந்திருந்தாள்: உன் பேரை எழுதினாயா? பிரேமிளா திகைத்துப்போனாள். பதினொரு வருஷமாக அந்தக் கட்டடத்தில் எல்லோரையும் விட அதிகம் வாசித்தவள் அவள். பட்ட மரம் என்றுகூடத் தன்னை எங்கேயும் எழுதியதில்லை. பேனையை எடுத்து நூற்று நாற்பத்துநான்காவது வரியில் தன் பெயரை எழுதினாள். குறிப்புக் கட்டத்தை வெட்கத்தில் வெறுமையாக விட்டாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு லொறி வந்தது.

அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பாலை மரத்தடியில் கூடிநின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பின்கதவு திறந்துவிழுந்த சத்தத்துக்குப் பேச்சியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பிரேமிளா கண்டாள். நாற்பது வருஷத்துப் பயம் ஒரு இரும்புச் சத்தத்தில் அப்படியே எழுந்து நின்றது. அந்தக் கணத்தில் பிரேமிளாவும் பயந்தாள்: பெயரை வாங்கிக்கொண்டு லொறியையும் வரவைத்துவிட்டேனோ என்று.

மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த நிரஞ்சன் உள்ளே போனார். பெட்டிகளைப் பார்த்தார். பிரேமிளா பதிவேட்டை நீட்டினாள். அவர் நின்றபடி ஒரு பக்கம் படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். குறிப்புக் கட்டத்தில் அவருடைய விரல் மேலிருந்து கீழே இறங்கியது. மேற்படி, மேற்படி, மேற்படி. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் மேற்படி.

"இந்த ஆக்கள் எல்லாம்?" என்று மரத்தடியைக் காட்டினார்.

"ஓம் சேர். வாசகர்கள்."

"நீலக் கதவு ஆர்?"

அன்றைக்கும் லாண்ட்மாஸ்டரில் வந்து கதிரையில் இருந்த தங்கம்மா கையை உயர்த்தினார்.

நிரஞ்சன் எழுந்து வெளியே போய், பாலை மரத்தின் மறுபக்கத்தில் நின்று தொலைபேசியில் வெகுநேரம் கதைத்தார். அவர் கதைத்ததில் 'நூற்று நாற்பத்துநாலு' என்பது மட்டும் மூன்று தடவை கேட்டது. மூன்றாம் தடவை கொஞ்சம் உரத்துக் கேட்டது. திரும்பி வந்தபோது காதுமடல் சிவந்திருந்தது.

"மிஸ், தீர்மானப்படி இதை மூடேலாது. புத்தகம் இங்கயே இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு ஆறு மாசமும் வந்து பார்ப்பன்." கொஞ்சம் தயங்கினார். "சோலைவரி இடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லிப்போட்டினம். இந்த மேற்படி விஷயம் என்ர கையில இல்லை. எழுதி அனுப்புறன்."

"அனுப்புங்கோ, சேர்," என்றாள் பிரேமிளா. இன்னும் எத்தனை வருஷம் தற்காலிகம் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

லொறிச் சாரதி பின்கதவைத் தூக்கிக் கொளுவினார். பின்னுக்கு எடுத்து, திருப்பி, பாலைப்பழங்களை நசுக்கிக்கொண்டு வீதியில் ஏறினார். கூட்டம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றது. கிறவல் புழுதிக்குள் அந்த வெறும் பெட்டி குலுங்கிக் குலுங்கிச் சின்னதாகி, சந்திப் பக்கம் மறைந்தது.

"பேரு எழுதினப்புறம் வந்த லொறி வெறுமையாத் திரும்பிப் போறத, இன்னைக்குத்தான் பாக்கிறேன்," என்றார் சங்கிலி. சொல்லிவிட்டுத் துவாயால் முகத்தைத் துடைத்தார். அழுகிறேன் என்று ஒளிக்கவும் இல்லை.

பெட்டிகளிலிருந்து புத்தகங்கள் திரும்ப அலுமாரியில் ஏறின. ஓட்டை வெளிச்சம் மேசைக் காலைத் தொடுகிற நேரம், எல்லோரும் போன பிறகும் தங்கம்மா மட்டும் போகவில்லை. மடியில் ஒரு தடித்த புத்தகம், லாண்ட்மாஸ்டர் வெளியே காத்துக்கொண்டு நின்றது. பிரேமிளா பதிவேட்டைத் திறந்து, புது வரியில் திகதியை எழுதினாள். பேனை அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றது.

"பேரு?" என்று கேட்டாள். அந்த ஊரில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தங்கம்மா," என்றார் அவர். "எழுதிக்க."